தான் ஆடாவிட்டாலும்

“…எல்லாரும் கேட்டாச்சு, மேரி. டைரக்டர் கேட்டார், வாசல் காவல்காரர் கேட்டார், பூக் கொண்டுவந்து தந்தவர்கூடக் கேட்டிட்டார், இனியும் மேடையில ஏறுவீங்களோ எண்டு. எல்லாருக்கும் சிரிச்சுவிட்டன். நீர் ஒரு ஆள்தான் இன்னும் கேக்கேல்லை.”

ஆடா மெரிட் இதைச் சொன்னபோது நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று, அந்தப் பழுப்பு நிற உடுப்பின் கொக்கிகளைக் கடைசி முறையாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். நாடகம் முடிந்து, கைதட்டு முடிந்து, நாங்கள் இரண்டு பேரும் மட்டும் அறையில் இருந்தோம். அமெரிக்க நடிகை மன்னார்த் தமிழா பேசினார் என்று கேட்காதீர்கள். அவர் பேசியது இங்கிலீசு. என் காதில் விழுந்தது இப்படி. இங்கிலீசில் ஆளை விளிக்க ‘யூ’ என்று ஒரே ஒரு சொல்தான் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எங்கள் உடுப்புப் பகுதித் தலைவி டோரீன் சொன்ன ‘யூ’ எனக்கு ‘நீ’ என்றுதான் கேட்கும். ஆடா சொன்னது முதல் நாளிலிருந்தே ‘நீர்’.

நான் லண்டன் தியேட்டர்களில் உடுப்பு மாற்றிவிடும் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அந்த வேலைக்கு ‘டிரெஸ்ஸர்’ என்று பெயர். பங்குக் கோயில் மண்டபத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். “சட்டை போட்டுவிட ஒரு ஆளோ, அவையளுக்குக் கை இல்லையோ?” என்பார்கள். கை இருக்கிறது. நேரம்தான் இல்லை. ஒரு காட்சியில் கலியாணப் பெண்ணாக உள்ளே வருகிறவர், மேடையில் வேறு இரண்டு பேர் சண்டை பிடித்து முடிப்பதற்குள் விதவையாகத் திரும்பிப் போக வேண்டும். அந்த இடைவெளிக்குள் இருப்பவர்கள் நாங்கள்.

இப்போது இந்த வேலையில் இருப்பவர்கள் காதில் கருவி, வாயருகே மைக் என்று விமானி மாதிரித்தான் நிற்கிறார்கள். எனக்கு ஓய்வுத் தேநீர் வைத்த அன்று அவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, இந்தக் கருவி இல்லாத காலத்தில் இருட்டுக்குள் எப்படிப் பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். ஒருவருக்கு இரண்டு கோட் மாட்டிவிட்ட கதையைச் சொல்லித் தப்பினேன். ஆடாவின் கையின் கதையைச் சொல்லவில்லை, அது அப்போது என்னுடைய கதை இல்லை. இப்போது ஆடாவே பத்திரிகை, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் தன் வாயால் சொல்லிவிட்டார். எங்கள் கோயில் மலருக்கு ஏதாவது எழுது எழுது என்று கேட்கிறார்கள். ஆகவே எழுதுகிறேன்.

தொழில் பழகிய கதை சின்னது. மன்னாரிலிருந்து வந்து இல்ஃபோர்டில் ஒரு டிரை கிளீனிங் கடையின் பின்னறையில் தையல் வேலை செய்தேன். ஒருநாள் மெலிந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் தன்னுடைய கோட்டின் உள்துணியைத் தைக்கத் தந்துவிட்டுப் போனார். திரும்ப வந்தபோது கோட்டின் உட்புறத்தைப் புரட்டிப் பார்த்தார். “தையலின்ர முன்பக்கம் எல்லாருக்கும். பின்பக்கம்தான் ஆளைச் சொல்லும்” என்றார். அவர்தான் டோரீன். அடுத்த மாதம் நான் அவருடைய தியேட்டரில் சட்டைக் காலர் அழுத்திக்கொண்டிருந்தேன். என் மனுசன் சூசை அப்போது டாக்சி ஓட்டினார். ஏற்றுகிற ஆட்களிடமெல்லாம், “என்ர மனுசி இங்கிலீசுக்காரருக்குக் கொக்கி பூட்டப் பழக்கிறா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

டோரீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. மணிக்கட்டில் ஊசி குத்தி வைக்கும் சின்ன மெத்தை, கழுத்துச் சங்கிலியில் மூக்குக் கண்ணாடி. கத்த மாட்டார். கோபம் கூடக் கூடக் குரல் இறங்கும். அந்தக் குரல் இறங்கினால் நாங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம். “உடுப்பு மாத்திறவள் கண்ணாடி மாதிரி இருக்கக் கூடாது, கதவு மாதிரி இருக்கவேணும்” என்பார். கண்ணாடி ஆளுக்கு ஆளைக் காட்டிக் கொடுக்கும். கதவு திறக்கும், மூடும், ஒன்றும் சொல்லாது.

வேலை எப்படி என்றால், மேடை ஓரத்தில் கறுப்புத் துணி மறைப்பு, அதற்குள் உடுப்பு அடுக்கி வைக்க ஒரு கதிரை, ஒரு சின்ன நீல வெளிச்சம். கடைசியாகப் போடுவதை அடியில், முதலில் போடுவதை மேலே என்று அடுக்க வேண்டும். நீளச் சட்டையைத் தரையில் கிணற்றுக் கட்டு மாதிரி வட்டமாக வைத்தால், நடிகை கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்குவார், நாங்கள் மேலே இழுத்துவிடுவோம். முன்னுக்குத் தெரியும் பொத்தான்கள் பொய். உண்மையில் பிடித்திருப்பது பின்னால் கொக்கியோ அமுக்குப் பொத்தானோதான். சத்தமில்லாத காட்சி என்றால் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோப் பட்டி ஆகாது, அது கிழிபடுகிற சத்தம் பின்வரிசை வரைக்கும் போகும். டோர்ச் பல்லுக்கு இடையில் இருப்பதால் பேச்சுக் கிடையாது. தோளில் தட்டினால் கையை நீட்டு, முழங்காலில் தட்டினால் காலைத் தூக்கு. எல்லாம் முடிந்தால் முதுகில் ஒரு தட்டு, போ. அதோடு ஒவ்வொரு முக்கிய உடுப்புக்கும் அச்சு அசல் இன்னொன்று உண்டு. நாங்கள் அதை ‘இரட்டை’ என்போம். இரட்டை இல்லாமல் டோரீன் திரையைத் திறக்க விடமாட்டார்.

ஆடா மெரிட் முதல் தடவை எங்கள் தியேட்டருக்கு வந்த வாரத்தில்தான் அந்தக் கோட்டுச் சங்கதி நடந்தது. நான் புதிது. மேல்படியில் நின்று டோரீன், சாம்பல் கோட் கதிரையில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். எங்கள் ஆட்கள் ஆட்டுகிற மாதிரி, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் நடுவில் ஒரு ஊஞ்சல். எங்களுக்கு அது ‘ஓம்’. டோரீனுக்கு அது ‘இல்லை’. உடனே இரட்டையை எடுத்து என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். பெரியவ தந்தால் காரணம் இருக்கும் என்று நானும் வாங்கிக்கொண்டேன். இருட்டில் ஆடா கதிரையில் இருந்த கோட்டைத் தானே போட்டுக்கொண்டது எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து நான் இன்னொன்றைப் போட்டுவிட்டு முதுகில் தட்டினேன்.

மேடையில் ஆடா கோட்டைக் கழற்றித் தொங்கவிட்டார். உள்ளே இன்னொரு கோட். வேறொருவர் என்றால் பதறியிருப்பார், அல்லது சபையோடு சேர்ந்து சிரித்திருப்பார். ஆடா தன்னுடைய நெஞ்சைக் குனிந்து பார்த்தார். பிறகு, இந்த வீட்டுக் குளிருக்கு இரண்டும் வேண்டும் என்பது போல அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். சனம் கைதட்டியது.

“இனி எனக்கு வாயால பதில் சொல்லு. உன்ர தலை கழுத்தில இருந்தால் போதும்” என்றார் டோரீன், மிக மிக மெதுவாக. ஆடா தன் அறைக்கு வரச் சொன்னார் என்று தெரிந்ததும் வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “அந்தத் தலையாட்டத்தை எனக்கு ஒருக்காக் காட்டும்.”

காட்டினேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினார். வரவில்லை. மேலும் கீழும் போனால் வெள்ளைக்கார ஓமாகவும், பக்கவாட்டில் போனால் இல்லையாகவும் வந்தது. நடுவில் நிற்கத் தெரியவில்லை. “ஏலாது. எங்கட கழுத்தில ஒரு எலும்பு கூடுதல் போல” என்று விட்டுவிட்டார். ஆனால் டோரீனிடம் சொல்லி என்னைத் தன்னுடைய டிரெஸ்ஸராக எடுத்துக்கொண்டார். பிறகு லண்டனுக்கு நாடகத்துக்கு வந்த நேரமெல்லாம் என்னையே கேட்டார்.

அவருடைய பெயரை முதலில் கேட்டபோது எனக்குள் சிரிப்பு. ஆடா. தமிழில் அது பாதிச் சொல். ஆடாத, ஆடாமல் என்று பின்னால் ஏதோ வர வேண்டும். அவர் நடிப்பதைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. மற்றவர்கள் அழுதால் தோள் குலுங்கும், கை முகத்துக்குப் போகும். ஆடா ஒன்றும் செய்யமாட்டார், இருப்பார். பார்த்துக்கொண்டிருக்கிற எங்களுக்குத்தான் தோள் குலுங்கும். ஒருநாள் பெயரின் அர்த்தத்தைச் சொன்னேன். “என்ர அம்மாவுக்குத் தமிழ் தெரிஞ்சிருக்கவேணும்” என்று சந்தோசப்பட்டார்.

கொக்கி பூட்டுகிற நேரத்தில்தான் தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். தொழில் தொடங்கியதே பிணமாகத்தானாம். ஒரு துப்பறியும் தொலைக்காட்சித் தொடரில் குளிர்ந்த மேசையில் துணி மூடிப் படுத்திருக்கிற வேசம். மூச்சை அடக்கிக்கொண்டு அப்படிக் கிடந்தாராம், படம் பிடித்தவர் பொலிஸ்காரரை விட்டுவிட்டு இவருடைய முகத்தையே பிடித்துக்கொண்டிருந்தாராம். “செத்தவள் இவ்வளவு நல்லா நடிச்சால், உயிரோட விட்டால் எப்பிடி இருக்கும்?” என்று அந்த டைரக்டர் அடுத்த கதையில் சாப்பாட்டுக் கடைப் பரிமாறுகிற பெண்ணாகப் போட்டாராம். அதிலிருந்து ஒரு நீண்ட குடும்பத் தொடர். பிறகு அந்தப் படம். கணவன் வீட்டை விட்டுப் போகிறேன் என்று தொலைபேசியில் சொல்வதை இவர் கேட்டுக்கொண்டு நிற்பார், கமரா முகத்தை விட்டு நகராது. பெரிய விருதெல்லாம் அதற்குத்தான் வந்தது. வீட்டில் அதைப் பார்த்த அன்று சூசை தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு இருந்தார். “இந்தப் பொம்பிளை ஒண்டுமே செய்யேல்லையே, எனக்கேன் தேத்தண்ணி இறங்குதில்லை?” என்றார். ஆடாவிடம் இதைச் சொன்னேன். தனக்குக் கிடைத்த விமர்சனங்களில் இதுதான் நல்லது என்றார்.

பிறகு வயது நடுவில் வந்து நின்றதும் தொலைபேசி நின்றுவிட்டதாம். “காதலியா நடிக்க வயசு கூடிப்போச்சு. அம்மாவா நடிக்கப் பேர் கூடிப்போச்சு.” அதனால்தான் லண்டன் மேடை. அதன் பிறகு சினிமாக்காரரும் திரும்பி வந்தார்கள், ஆனால் அவர் மேடையை விடவில்லை. கேட்டால், “பசிச்ச நேரம் சோறு போட்ட வீடு” என்பது போல ஒன்று சொல்வார்.

இனி அந்தக் கடைசி நாடகம். ஒரு தாய் தன் வீட்டை விற்கப்போகிறாள். வீடு வெறுமையாகிக்கொண்டு வருகிறது. கடைசிக் காட்சியில் மூத்த மகன் வந்து பக்கத்தில் இருந்து, தம்பி செத்த விபத்தில் காரை ஓட்டியது தான்தான் என்று இத்தனை வருடத்துக்குப் பிறகு சொல்கிறான். அவன் சொல்லி முடியும் வரைக்கும் தாய் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சபையைப் பார்த்தபடி இருப்பாள். கடைசியில், “உன்ர தேத்தண்ணி ஆறிப்போச்சு” என்பாள். வெளிச்சம் போகும். அந்த இருப்பைப் பார்க்கத்தான் சனம் மாதக்கணக்கில் முன்கூட்டியே டிக்கெட் எடுத்திருந்தது.

நாடகம் குறித்த நாட்களில் பாதி ஓடியிருக்கும். திரைக்கு முந்திய அரை மணி அறிவிப்பு வந்து, நான் பழுப்பு உடுப்போடு அறைக்குள் போனேன். ஆடா கண்ணாடிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். இடக்கை மடியில். பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றை ஒன்று உருட்டிக்கொண்டிருந்தன, ஒரு மணி, அடுத்த மணி, அடுத்த மணி. எனக்குத் தெரிந்து கை அப்படி அசைவது ஒன்றுக்குத்தான். செபமாலை. மாலை இல்லாமல் விரலாலேயே சொல்கிறார், ஏதோ பெரிய நேர்த்திக்கடன் போல என்று எண்ணிக்கொண்டு, பக்தியாகத் தலையைக் குனிந்து காத்து நின்றேன். நேரம் போகிறது. விரல் நிற்கவில்லை.

“முடிஞ்சுதோ? நேரமாகுது” என்றேன்.

“என்ன முடிஞ்சுதோ?”

“செபமாலை.”

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

“நான் செபிக்கேல்லை, மேரி. கைதான் தன்ரபாட்டில செபிக்குது.”

நான் உடுப்பைக் கதிரையில் போட்டுவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். அவர் சொன்னார். தன் நாட்டிலேயே வைத்தியரிடம் காட்டியாயிற்று, பார்க்கின்சன். வேலை செய்கிற கை ஆடாது, சும்மா வைத்தால்தான் ஆடும், மனம் பதறினால் இன்னும் ஆடும். மருந்துக் குளிசைக்கு இதுவரை அடங்கியிருந்தது. நினைத்துப் பாருங்கள், உலகத்தில் எத்தனையோ விதமான நடிகர்கள் இருக்க, கையைச் சும்மா வைத்துக்கொண்டு இருப்பதையே தொழிலாக வைத்திருந்தவருக்கு இது வந்தது. நோய்க்கு அவர் பயப்படவில்லை. “கையைப் பார்க்கத் தொடங்கினால் சனம் அந்தத் தாயைப் பார்க்காது. பாவம் எண்டு என்னைப் பார்க்கும். இந்த நாடகத்தை அந்தத் தாயா முடிக்கவேணும், மேரி. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியவேண்டாம்.”

கடைசிக் காட்சியில் உடுப்புக்கு மேலே அவர் போடுவது முன்பக்கம் திறந்த கம்பளிக் காடிகன் ஒன்று. அடுத்த நாள் அதன் இடப்பக்க ஓரத் தையலைப் பிரித்து, உள்ளே ஒரு பை வைத்துத் தைத்தேன். கையை அதற்குள் விட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டால் ஆட்டம் வெளியே தெரியாது. ஆடா மேடையில் அதைப் பயன்படுத்தினார். ஒருவருக்கும் தெரியவில்லை.

டோரீனைத் தவிர. வார முடிவில் உடுப்புத் தோய்க்கிற நேரம் என்னைக் கூப்பிட்டார். காடிகன் மேசையில் உட்புறம் வெளியே தெரியக் கிடந்தது.

“இந்தப் பைக்கு ஆர் தாய்?”

“நான்தான்.”

“ஏன்?”

எங்கள் தொழிலில் சட்டம் ஒன்று இருந்தது. நடிப்பவருடைய உடம்பில் ஏதும் கோளாறு என்று உடுப்புப் பகுதிக்குத் தெரிந்தால் அன்றைக்கே மேல்மாடி நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டும். மேல்மாடிக்குத் தெரிந்தால் அடுத்த நாளே பதில் நடிகை மேடையில் நிற்பார். டோரீன் கதவைச் சாத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கியது, ஆனால் அது கோபத்தின் இறக்கம் இல்லை.

“அவவின்ர கைக்கு ஏதும் சரியில்லையோ? வாயால சொல்லாதையும். வாயால சொன்னால் நான் மேல கொண்டுபோக வேணும். உம்மட தலை சொல்லுறது எனக்கு ஒருநாளும் விளங்கினதில்லை எண்டு இந்தக் கட்டிடம் முழுக்கத் தெரியும்.”

எத்தனை வருடம் வாயால் சொல்லு, வாயால் சொல்லு என்று கேட்ட மனுசி. எனக்குத் தலை தானாக ஆடியது. டோரீன் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

“எனக்கு ஒண்டும் விளங்கேல்லை” என்று சொல்லிவிட்டு, தையல் பிரிக்கிற ஊசியை எடுத்து என் பையைப் பிரித்தார். ஆனால் அவர் அதைத் திரும்பத் தைத்தார், அந்தக் கம்பளியின் நிறத்திலேயே நூல் எடுத்து, என்னுடையதைவிட அழகாக. “பாவம் பார்த்துத் தைக்கிற தையல் எப்பவும் கோணித்தான் போகும்” என்றார். அன்றைக்குத்தான் டோரீனுடைய ‘யூ’வும் எனக்கு ‘நீர்’ என்று விழத் தொடங்கியது என்பதை வீட்டுக்குப் போகிற ரயிலில்தான் கவனித்தேன்.

பை கையை மறைத்தது. கூடவே வேறொன்றையும் மறைத்துவிட்டது. ஆடா மேடையில் இருக்கிறார், வசனம் சரி, எல்லாம் சரி. ஆனால் அவருடைய எண்ணம் முழுக்க அந்தப் பைக்குள் இருந்தது. மகன் சொல்வது காதில் விழவில்லை. சபையில் இருமல் கேட்கத் தொடங்கியது. இருமல் பொல்லாத சாமான். சனம் கதையை விட்டு இறங்கிவிட்டது என்பதை அதுதான் முதலில் சொல்லும். டைரக்டர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, “எல்லாம் ஒழுங்கா இருக்கு. ஆனால் அந்த மனுசி வீட்டில இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் மத்தியானக் காட்சி. ஆடா பவுடர் போடாமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். இன்றைக்குப் பதில் நடிகையைக் கூப்பிடச் சொல்வோமா என்று யோசிப்பதாகச் சொன்னார். ஒளித்தால் தாய் இல்லை. ஒளிக்காவிட்டால் தாய்க்குப் பதில் நோயாளி. “உங்கட பாசையில என்ர பேர் பொய்யாப் போச்சு, மேரி” என்றார். அதைச் சொன்னபோது சிரிக்க முயன்றார்.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பழமொழிதான் தெரியும். சின்ன வயதிலிருந்து யார் எதைச் சொன்னாலும் பொறுக்கி வைக்கிற பழக்கம். அவருடைய பெயர் வருகிற இன்னொரு சொல் எங்களிடம் இருக்கிறது என்று சொல்லி, தமிழிலேயே சொன்னேன். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்.

தன் பெயரைப் பிடித்துக்கொண்டார். “அதில நான் என்ன செய்யிறன்?”

இங்கிலீசில் மாற்றப் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும். ஒரு ஆள் அசையாமல் நிற்கலாம், கோபக்காரனாக இருக்கலாம், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று சொன்னவனாகக்கூட இருக்கலாம். ஆனால் தன் சொந்த இரத்தத்துக்கு ஒன்று என்றால் அவனைக் கேட்காமலே அவனுடைய சதை துடிக்கும், அதுதான் அர்த்தம் என்றேன்.

“தன்ர பிள்ளைக்கு எண்டால்?”

“பிள்ளைக்கு எண்டால் கேக்கவும் வேணுமோ.”

ஆடா இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு பவுடரை எடுத்தார்.

கடைசிக் காட்சிக்கு முந்திய மாற்றம். கறுப்பு மறைப்புக்குள் வந்து கையை விரித்துக்கொண்டு நின்றார். பழுப்பு உடுப்பைப் பூட்டிவிட்டு, காடிகனை எடுத்துத் தோளில் தட்டினேன். கையை நீட்டவில்லை. டோர்ச் வெளிச்சத்தில் அந்தப் பையைத் தொட்டுக் காட்டி, இது வேண்டாம் என்று தலையை அசைத்தார், அவர்கள் நாட்டு ‘இல்லை’. நான் இருட்டில் திகைத்து நின்றேன். முழங்கைக்குப் பக்கத்தில் ஏதோ உரசியது. டோரீன். கையில் இரட்டைக் காடிகன், பை இல்லாதது, அழுத்தி மடித்தது. அன்றைக்கு மட்டுமல்ல, பை தைத்த நாளிலிருந்து ஒவ்வொரு காட்சிக்கும் அதோடு அங்கே வந்து நின்றிருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். “ஒரு ஆளுக்கு மனசு மாறவும் ஒரு உடுப்பு இருக்க வேணுமெல்லோ” என்றார், அவ்வளவுதான்.

ஓரத்தில் நின்று பார்த்தேன். டோரீனும் நின்றார். மகன் வந்து தாயின் இடப்பக்கம் இருந்தான். ஆடா இரண்டு கையையும் மடியில் வைத்தார், நாடகம் தொடங்கிய காலத்தில் வைத்த மாதிரியே, திறந்த கை. அவன் காரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. தம்பியின் பெயரை அவன் சொன்னபோது இடக்கை தொடங்கியது.

மகனாக நடித்தவர் அதைக் கண்டுவிட்டார். வசனம் ஒரு நொடி தடக்கியது. ஆடா கையை ஒளிக்கவில்லை, மற்றக் கையால் பிடிக்கவும் இல்லை. மெல்லக் குனிந்து, பூசை நேரத்தில் குழப்படி செய்கிற பிள்ளையைத் தாய் பார்ப்பது போல அந்தக் கையை ஒருமுறை பார்த்தார். பிறகு அதைவிட்டு மகனைப் பார்த்தார். கையைத் தவிர வேறு ஒன்றும் அசையவில்லை. முகம் இல்லை, தோள் இல்லை, கண் இமை இல்லை. அந்தப் பெரிய மேடையில் அசைந்தது அந்தக் கை ஒன்றுதான். மன்னிப்பேன் என்று வாய் சொல்லாததை, மன்னிக்கமாட்டேன் என்று முகம் சொல்லாததை, அது தனியே இருந்து சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு இருமல் இல்லை. “உன்ர தேத்தண்ணி ஆறிப்போச்சு” என்று சொன்னபோது எனக்குப் பக்கத்தில் டோரீன் ஊசி மெத்தை கட்டிய கையால் மூக்கைத் துடைத்தார்.

சனம் அதை நடிப்பு என்றுதான் நினைத்தது. நடிப்புத்தான். அதை நோய் என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது இது: நோய் கையை மட்டும்தான் ஆட்டியது. அந்தத் தாயை அங்கே கொண்டுவந்து இருத்தியது ஆடா. நான் ஒரு பழமொழியைச் சொன்னேன், அவ்வளவே. பழமொழி எல்லாரிடமும் இருக்கிறது. அதை எழும்பி நடக்கச் செய்ய ஒரு ஆள் வேண்டும்.

அன்று பின்வாசலில் ஒரு வயதானவர் காத்து நின்றார். தன் மனைவிக்கும் கை அப்படித்தான் ஆடும், அச்சு அசல் அப்படியே, இதை எங்கே பழகினீர்கள் என்று ஆடாவைக் கேட்டார். “வீட்டிலதான்” என்றார் ஆடா. அவர் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஆடா காரில் ஏறாமல் நின்றார். “அந்தாளுக்குப் பொய் சொல்லேல்லைத்தான். ஆனால் பொய் சொன்ன மாதிரி இருக்கு” என்றார். அடுத்த நாள் எல்லாரையும் மேடையில் கூட்டித் தானே சொல்லிவிட்டார். மேல்மாடிக்காரர் முகம் கறுத்தது உண்மை. ஆனால் கூட்டம் முடிந்தபோது அவரை மாற்ற வேண்டும் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. குறித்த கடைசி நாள் வரைக்கும் ஆடிய கையோடு, ஆடாமல் நடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே பார்க்கிறீர்கள். அந்த அமெரிக்கத் தொடரில் வயதான நீதிபதியாக வருகிறாரே, குற்றவாளியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, மேசையில் ஆடுகிற கையை அப்படியே வைத்துக்கொண்டு, அவர்தான். போன கிழமை மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது, அந்தக் கை உண்மையோ நடிப்போ என்று, பத்திரிகை பார்க்காத இரண்டு மேசை சண்டை பிடித்தது. சூசைதான் தீர்த்து வைத்தார். “கை உண்மை. மனுசி நடிப்பு. இரண்டையும் பிரிக்க என்ர மனுசியிட்ட கொக்கி இல்லை” என்றார்.

தொடங்கின இடத்துக்கு வருகிறேன். எல்லாரும் கேட்டாயிற்று, நீர் ஒரு ஆள்தான் கேட்கவில்லை என்று ஆடா சொன்ன அந்தக் கடைசி நாள். அப்போது அந்தத் தொடரும் இல்லை, நீதிபதியும் இல்லை. இனி இவரை யார் கூப்பிடுவார்கள் என்று கொட்டகை முழுக்க மெதுவாகப் பேசிக்கொண்ட நேரம். நான் கேட்காததற்குக் காரணம் பயம். இல்லை என்று அவர் சொல்வதைக் கேட்க எனக்கு மனமில்லை.

கடைசிக் கொக்கியைக் கழற்றினேன். பழுப்பு உடுப்பு தரையில் வட்டமாக விழுந்தது. அவர் கிணற்றிலிருந்து ஏறுவது போல வெளியே வந்து, தன் சொந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் இருந்தார்.

“திரும்ப மேடையில ஏறுவீங்களோ?” என்று கேட்டேன்.

ஆடா கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார். இடக்கை மடியில் தன்பாட்டில் மணி உருட்டிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. கழுத்தைத் தளர விட்டு, தாடையை மெல்ல ஒரு தோள் பக்கம் சாய்த்து, அங்கேயும் நிற்காமல் மறு தோள் பக்கம் கொண்டுபோய், நடுவில் ஊஞ்சல் மாதிரி விட்டார், மன்னார்ச் சந்தையில் நின்று செய்திருந்தாலும் ஒருவரும் பிழை பிடித்திருக்க முடியாதபடி.